பதினைந்தாவது சுற்று

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரம்மா மலையேறி வந்து, ஒரு பழைய தைல டப்பாவை என்னிடம் கொடுத்தார். "அவரு உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாருங்கண்ணா. உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது." வாங்கிக்கொண்டேன். ஆனால் மூன்று நாள் திறக்கவில்லை. ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலத்தது. மூடியில் இன்னும் தைல வாசனை. உயிரோடு இருந்தபோது ஒன்றும் தராதவன், போன பிறகு எதற்காக அனுப்புகிறான்? உன்னிடமிருந்து வரும் எதையும் நான் சும்மா வாங்கிக்கொண்டதில்லை, உனக்கே தெரியும்.

அந்த வாசனை எழுபதுகளின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனது. மலைமேல் பள்ளி ஹாஸ்டலில் தங்கி இருவரும் ஒன்பதாவது படித்தோம். விடியற்காலையில் பி.டி. வாத்தியார் விசில் ஊதுவார். சாமைக் கொல்லை ஓரமாக வெறுங்காலோடு ஓடுவோம். ஓடி முடித்ததும் ஒரே டப்பாவிலிருந்து தைலம் எடுத்து, ஒருவர் கெண்டைக்காலை ஒருவர் தேய்த்துவிடுவோம். போளூரில் நடந்த போட்டியில், மூவாயிரம் மீட்டருக்குப் பள்ளிக்கு ஓர் ஆள்தான். தேர்வு ஓட்டத்தில் என்னிடம் இரண்டடியில் தோற்றாய். "பரவால்லடா, நீ ஓடு. நான் ரவுண்டு எண்றேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

மைதானம் சின்னது, பதினைந்து சுற்று ஓட வேண்டும். கூட்டச் சத்தத்தில் விசில் காதில் விழாது என்பதால் ஒவ்வொரு பள்ளியும் எண்ணுவதற்கு ஒருவனை நிறுத்தியது. நம் மலையில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? பஸ்ஸிலேயே பதினைந்து என்று எண்ணி வைத்திருந்த கொட்டைகளை உன் வலது கையில் போட்டேன். நான் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒரு கொட்டை உன் இடது கைக்கு மாறும். வலது கையில் ஒன்றே ஒன்று மிஞ்சினால் கடைசிச் சுற்று.

முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன் நான்தான். "கடைசி ரவுண்டுடா! வுடாத, வுடாத!" என்று கத்தினாய். இருந்த மூச்சையெல்லாம் கொட்டி ஓடி, கோட்டைத் தாண்டிக் குனிந்து நின்றேன். யாரும் கைதட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் நிற்காமல் என்னைக் கடந்து போனார்கள். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. மறுபடி ஓடக் கால் வரவில்லை. நாலாவதாக வந்தேன். முதலில் வருபவனுக்கு வேலூரில் விளையாட்டு விடுதியில் இடம் என்று சொல்லியிருந்தார்கள்.

"வேணும்னே பண்ணியாடா?"

"கையில ஒண்ணுதான்டா இருந்துச்சு."

நான் நம்பவில்லை. அடுத்த வருஷம் ஓடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ ஓடினாய், ஜெயித்தாய், அந்த சர்டிபிகேட்டால் போலீஸ் வேலைக்கும் போனாய். இதைவிட வேறு சாட்சி எனக்கு என்ன வேண்டும்?

நான் வனத்துறைச் சோதனைச்சாவடியில் காவலனானேன். அந்த ஓட்டம் என்னைச் சந்தேகப் பிராணி ஆக்கியது. அந்தச் சந்தேகமே எனக்குச் சோறும் போட்டது. லாரியில் இத்தனை கட்டை என்று சீட்டில் எழுதியிருந்தாலும் மேலே ஏறி நானே எண்ணுவேன், இரண்டு தரம். ஒருமுறை, திருவிழா பந்தோபஸ்துக்குச் சவுக்குக் கம்பு ஏற்றிவந்த உன் வேனையும் நிறுத்தினேன்.

"இன்னாடா, என் வண்டியையுமா?"

"எவனா இருந்தாலும் எண்ணிட்டுத்தான் வுடுவேன்."

சட்டைப் பைக்குள் கையை விட்டாய், உள்ளே ஏதோ கலகலத்தது. என் முகத்தைப் பார்த்தாய். பிறகு வெறும் கையை வெளியே எடுத்தாய். "சரி, எண்ணிக்க. நீ எண்ணுனா தப்பா இருக்காது." கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து, வேண்டுமென்றே மெதுவாக எண்ணினேன்.

இன்று காலை டப்பாவைத் திறந்தேன். உள்ளே புளியங்கொட்டைகள். எண்ணினேன். பதினான்கு. தரையில் கொட்டி மறுபடி எண்ணினேன். பதினான்கு. என் புத்தி உடனே எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒன்றை நீயே எடுத்து எறிந்திருப்பாய், சாகும்போதும் நல்ல பேர் வாங்கப் பார்த்திருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த பஸ் ஞாபகத்துக்கு வந்தது. மலை வளைவுகளில் குலுங்கக் குலுங்க, மடியில் வைத்து எண்ணியவன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ, "சரியா இருக்குதாடா? நான் ஒரு வாட்டி எண்ணட்டுமா?" என்றாய். "நான் எண்ணிட்டேன், கம்முனு வா" என்றேன்.

டப்பா இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நடந்தால் கலகலக்கிறது. வெட்கமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது. இத்தனைக்கும் பிறகு மனதின் ஒரு ஓரம் உன்னைச் சந்தேகப்படத்தான் செய்கிறது. அந்தப் புத்தி என்னோடுதான் போகும். ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. எண்ணட்டுமா என்று நீ கேட்டாய், நான் கொடுக்கவில்லை.