அம்மா சாப்பிட்டாளா?

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் அம்மா கட்டிலிலிருந்தே "யாரு, என்ன சொல்றா" என்று ஆரம்பித்துவிடுகிறாள் என்றீர்களே, அதனால்தான் எழுதுகிறேன்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை அப்படியேதான். வருகிறவர்களிடமெல்லாம் "வலிக்காதுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒன்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் நீங்கள் போனைக் கொடுத்தபோது அம்மா என்னிடம், "இவ எனக்குச் சோறே போடறதில்லடி" என்றாள். மறதி நோய் என்று தெரியும். ஆனாலும் வயிறு பொய் சொல்லுமா? எதிர்வீட்டு அக்காவும் அம்மா இளைத்துப்போனதாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து ஊட்டினால் சாப்பிடுவாள். அன்பாகச் சொன்னால் போதும். பெற்ற மகள் மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

உங்கள் நாத்தனார்,
பாப்பா


ஜூன் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு யூனிபார்ம் தைக்க உட்கார்ந்தேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டேன். சிரித்துக்கொள்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதத்தான் பார்த்தேன். வரவில்லை. அத்தை சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைக் கூப்பிட்டு, "என்னைப் பட்டினி போட்டுக் கொல்றா" என்பார். இடுப்பு உடைந்த பிறகு கட்டிலைவிட்டு இறங்க முடியாதே தவிர, குரலுக்கு ஒரு குறையும் இல்லை. தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை பழகிவிட்டது. உன்னிடமிருந்தும் அதே பார்வை வரும் என்று நினைக்கவில்லை.

உன் அண்ணன் லாரியை விட்டு இறங்கினால் தூக்கத்தில் ஏறிவிடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம்தான் சொல்கிறேன்.

லீவு போட்டு ஒரு வாரம் வாயேன். நான் என் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். விசேஷம் எதுவும் இல்லை. தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 9

அண்ணி,

நீங்கள் உங்கள் அக்கா வீட்டிலிருந்து திரும்பி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது நான் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். "பல் ஆஸ்பத்திரியில என்னை அவசரமா கூப்பிடறாங்க, உடனே வாங்க" என்று போனில் சொன்னது பொய். அம்மாவை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, உங்கள் முகத்தில் விழிக்க முடியாமல் ஒளிந்துகொண்டேன்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. தலை வாரிவிட்டேன், பழைய கதையெல்லாம் பேசினேன். மறுநாள் அவளுக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. "அவ எங்க? அவள வரச் சொல்லு" என்று உங்களைத்தான் கேட்டாள். ஜன்னல் வழியாக, "புதுசா ஒருத்தி வந்திருக்கா, இவளும் சோறு போட மாட்டேங்கிறா" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. துணி மாற்றப் போனால் கையைக் கடித்தாள். படுக்கையை மாற்றி நிமிர்ந்தால் மறுபடி நனைத்திருந்தாள்.

அன்று மதியம் ஊட்டிய சாதத்தை என் முகத்திலேயே துப்பினாள். நான் அவள் தாடையைப் பிடித்து அழுத்திக் கரண்டியை உள்ளே திணித்தேன். "முழுங்கு! முழுங்கித் தொலை!" அந்தக் குரல் என்னுடையதுதான் அண்ணி. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். "அடிக்காதீங்கம்மா, நான் சாப்பிட்டுடறேன்" என்றாள்.

என்னைப் பார்த்து 'நீங்க' என்றாள்.

உங்களுக்கு அன்பைப் பற்றிப் பாடம் எடுத்தவள் நான். இதில் கையெழுத்துப் போடவே கூசுகிறது.

பாப்பா


ஜூலை 14

பாப்பா,

உதடு ஆறிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. உன்மேல் கோபம் வந்து இல்லை. "அடிக்காதீங்கம்மா, சாப்பிட்டுடறேன்" என்று உன்னிடம்தான் அத்தை முதன்முதலாகச் சொன்னார் என்று நினைக்கிறாயா? அது என்னிடம் சொல்லிப் பழகியது.

கையில் அடித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை. அதைவிட வெட்கம் என்ன தெரியுமா? அடித்த அன்று அவர் சத்தம் போடாமல் முழுவதும் சாப்பிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எப்படியும் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை.

நேற்று உன் அண்ணனை உட்காரவைத்து என்னுடையதைச் சொன்னேன். உன்னுடையதைச் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. அவர், "நான் தூங்கற மாதிரி படுத்திருப்பேன். எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றார். மூன்று பேருக்கும் இதில் பங்கு இருக்கிறது, பாப்பா. அடுத்த வாரத்திலிருந்து உள்ளூர் லோடு மட்டும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பகலில் வர ஒரு ஆயாவும் கிடைத்திருக்கிறார். நான் இப்போதெல்லாம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் ஊட்டுகிறேன். என்னை நம்பித் தனியாக அந்த அறைக்குள் போக எனக்கே பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. ஒளியாமல் நேராக வீட்டுக்கு வா. இரண்டு பேரும் கட்டில் பக்கத்தில் உட்காருவோம். ஒருத்திக்குக் கோபம் வந்தால் மற்றவள் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளலாம். அத்தை உன்னை யாரென்று கேட்பார். கேட்கட்டும். நம் இரண்டு பேரில் யாரைப் பார்த்தும் இனி அவர் கை கூப்பக் கூடாது.

அண்ணி