நான் முகராத பிளேட்டு

இன்று காலை மலைமேல் திரிங்காப் ஊர்ப் பக்கம் போயிருந்தேன். புதிதாகக் கொத்திய கீரைப் பாத்தியில் மழை விழுந்து மண் வாசனை கிளம்பியது. உடன் வந்த மருமகள் நின்று, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இத்தனை வருஷமாகியும் அப்படித்தான். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. உட்கார்ந்து எழுதத்தான் இப்போதெல்லாம் தெம்பில்லை.

நாம் தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயத்தில் பிறந்து, எழுபதுகளின் கடைசியில் ஒரே ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கூடம் என்பது பெயருக்குத்தான். ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி, அவ்வளவே. சீழையோ இரத்தத்தையோ மூடி போட்ட கண்ணாடிப் பிளேட்டில் தடவி அந்தப் பெட்டியில் வைப்போம். வளர்ந்ததும் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்ப்போம். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வாடை உண்டு. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் உன் மூக்குக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. உன் அப்பா பாக்டரியில் தேயிலை பதமாகிவிட்டதா என்று முகர்ந்தே சொல்பவர். அதை நீ அப்படியே கொண்டுவந்திருந்தாய். தோட்டத்துத் துரைக்கே கிடைக்காத சொத்து என்று உன்னைக் கிண்டல் செய்வேன்.

ஒருநாள் கோலா தெர்லாவிலிருந்து காய்கறித் தோட்டம் போடும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விடாத காய்ச்சல், தொடையில் கட்டி. அவருடைய சீழில் வளர்ந்தது நமக்குப் பழகாத கிருமி. பிளேட்டில் அது வயதானவர் தோல் போலச் சுருக்கம் விழுந்து படர்ந்திருந்தது. நீ வழக்கம்போல் முகர்ந்தாய். உன் முகம் மலர்ந்துவிட்டது.

"மண்ணு வாடை லா. மழ பேஞ்ச தோட்டம் மாதிரி. நீயும் மோந்து பாருடி" என்று நீட்டினாய்.

எனக்குச் சளி. மலைக் குளிரில் மூக்கு அடைத்துக் கிடந்தது. போடி, அப்புறம் பார்க்கிறேன் என்று தள்ளிவிட்டேன்.

அந்தப் பிளேட்டை டின்னில் வைத்து, சுற்றிலும் தேயிலைத் தூசியை அடைத்து, மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். பதில் வருவதற்குள் நீ காய்ச்சலில் விழுந்துவிட்டாய். அது மண்ணில் இருக்கும் கிருமி, மூச்சு வழியாகவும் உள்ளே போகும், மூடியைத் திறக்கவே கூடாது என்று பதில் வந்தது. உனக்கு அந்த மூக்கு வழியாகத்தான் வந்ததா, குவார்ட்டர்ஸ் பின்னால் நீ போட்டிருந்த மிளகாய்ப் பாத்தியிலிருந்து வந்ததா, யாருக்கும் தெரியாது. யோசித்து யோசித்து நான் சலித்துப்போய்விட்டேன்.

உன் இரத்தத்தை எடுக்க நானேதான் வார்டுக்கு வந்தேன். உனக்கு மூச்சு வாங்கியது. பிழைப்பேனா என்றுகூட நீ கேட்கவில்லை. ஊசியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"என் பிளேட்ட மோந்து பாக்காதடி" என்றாய்.

உன் இரத்தத்தைத் தடவிய பிளேட்டின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினேன். வளர்ந்தது. மூடிக் கண்ணாடி வழியாகவே பார்த்தேன். அதே சுருக்கம். டாக்டர் கையில் இருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். நீ போய்விட்டாய். எனக்கு உன்மேல் கோபம், அந்த மூக்கின்மேல் கோபம். என்னைக் காப்பாற்றியது சளி என்று சொல்ல இன்றும் வாய் கூசுகிறது.

பிறகு எல்லாம் வந்தது. சந்தேகப்பட்ட பிளேட்டுக்கு டேப், தனி அலமாரி, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுச் செய்யும் வேலை. நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த பயிற்சியில், உன்னைக் கொண்டுபோன கிருமியை, ஆயுதமாக்கக்கூடிய கிருமிகளோடு சேர்த்துச் சொன்னார்கள். சந்தேகம் வந்தால் திறக்காதே, முகராதே, பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு என்றார்கள். முன்னெல்லாம் முகர்ந்தா பார்ப்பார்கள் என்று பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழுந்தேன். வாசலில் போய் நின்றுகொண்டேன்.

இன்று மருமகள் கேட்டாள், "ஏன் அத்தை, நல்ல வாசனதானே?" என்று. தலையாட்டினேன். நீ அன்று நீட்டியது எப்படி மணந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ போன பிறகு உன் பிளேட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, டேப்பை உரித்துவிடலாமா என்று கை போனது. உன்னுடையது என்று மிச்சம் இருந்தது அதுதானே. ஆனால் நீ சொன்னது காதில் இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

இன்றும் பாத்தியைத் தாண்டி வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.