நான்கு செக்கன் மிச்சம்

இன்று காலை இரத்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மா கராம்பை வாயில் போட்டுக் கடித்தார். அந்த வாசம் வந்ததும் என் கை தானாகப் பையைத் திறந்து உன் கொப்பியைத் தேடியது. இருந்தது.

பல்வலிக்கென்று தொடங்கி, வலி போன பிறகும் நீ விடாத பழக்கம் அது. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நீ வேலை செய்த கொமியூனிகேஷன் கடையில், வாயில் கராம்போடு, தொலைபேசிக் கூண்டுக்குள் பேசுகிறவர்களின் மீட்டரைப் பார்த்தபடி இருப்பாய். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் முதல் பட்டதாரி. அந்தப் பெயரோடு போய் இரண்டு நேர்முகப் பரீட்சைகளில் வாய் திறக்காமல் திரும்பியிருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. அது நாக்குக்கு வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீட்டில் முகம் காட்டப் பயந்து, பள்ளியில் ஒரே வாங்கில் இருந்த உன்னிடம் வந்துவிடுவேன். ஓரத்தில் இருந்த கம்பியூட்டரில், இணையத்தில் யாரோடாவது செஸ் ஆடுவேன். ஆளுக்கு மூன்றே நிமிடம். நேரம் முடிந்தால் தோல்வி.

குதிரைத் தலைப் படம் வைத்திருந்த ஒருவன் தினமும் அங்கே இருப்பான். எந்த நாட்டுக்காரனோ. தினமும் என்னைத் தோற்கடித்துவிட்டு, 'தூங்குகிறாயா?' என்று ஆங்கிலத்தில் எழுதுவான்.

உனக்குக் காய்களை நகர்த்த மட்டும்தான் தெரியும். ஆனால் ஒரு நாள் கை மணிக்கூட்டைக் கழற்றிவைத்து, என் ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை செக்கன் போகிறது என்று கொப்பியில் எழுதத் தொடங்கினாய். ஒரு வாரம் கழித்து என் நாற்காலியை உன் பக்கம் திருப்பினாய்.

"ஏன்டி, அவன் குதிரைய வெட்டிட்டு அவன்கிட்டயே 'ஸொரி'ன்னு அடிக்கிறியே, என்னாத்துக்கு?"

"பாவமில்லையா?"

"நீ ஸொரி அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் நகத்திட்டான். ஓடுறது ஒன் நேரம். ஒரு ஆட்டத்துக்கு ஆறு ஸொரி. எண்ணிட்டேன்."

எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. பஸ்ஸில் இடித்தவரிடம் ஸொரி, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது ஸொரி, நேர்முகத்துக்குப் போன கந்தோர் வாசலில் கால் வைக்கும்போதே ஸொரி. அதே கை இங்கேயும் வந்திருக்கிறது.

"இன்னொன்னு இருக்கு," என்றாய். "தோக்குற ஆட்டத்தில வெரசா ஆடுற. ஜெயிக்கப் போறப்பதான் கை நின்னு போவுது. கூண்டுக்குள்ள பாரு, பாதிப் பேரு அப்பிடித்தான். 'ஹலோ, கேக்குதா'ன்னே நிமிசத்தைப் போக்கிட்டு, விசயத்தைச் சொல்லாம வச்சிருவாங்க."

அதன் பிறகு மூன்று வாரம் எனக்கு முழு ஆட்டமே கிடையாது. என்னிடம் ராஜாவும் யானையும், எதிரே தனி ராஜா. இருபது செக்கனுக்குள் மேட் வைக்க வேண்டும். அது மட்டும்தான். திரும்பத் திரும்ப, ஒவ்வொன்றையும் கொப்பியில் ஏற்றினாய். முதல் நாள் ஒரு நிமிடம் பிடித்தது. கை ஸொரிக்குப் போனால் ரூலரால் தட்டுவாய். "முடிஞ்ச பொறகு என்னா வேணும்னாலும் எழுது. நடுவில ஒரு எழுத்து கூடாது."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "புள்ள, இது கடையா, ஸ்கூலா? மாசம் முடியிறதுக்குள்ள அந்தக் குதிரைக்காரன ஜெயிக்கலேன்னா, கம்பியூட்டர் கஸ்டமருக்குத்தான்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா அடுத்த இன்டவியு வரைக்கும் இவ இங்கயே குந்தட்டும்."

மாதத்தின் கடைசி நாள். வெளியே மழை. நடு ஆட்டத்தில் அவன் ராணியை வெட்டினேன். கை விசைப்பலகைக்குப் போய், பாதியில் திரும்பி வந்தது. கடைசியில் என்னிடம் ராஜாவும் யானையும், அவனிடம் தனி ராஜா. எனக்கு இருபத்தொரு செக்கன். அவனிடம் ராஜா மட்டும் என்பதால், அது முடிந்தால் தோல்வி இல்லை, சமன்; சமன் முதலாளிக்குப் போதாது. நீ மணிக்கூட்டோடு என் தோளுக்கு மேல் குனிந்தாய். காதருகே கராம்பு வாசம் மட்டும் வந்தது. என் கை நிற்கவில்லை. பலகையின் ஓரத்துக்கு அவன் ராஜாவை ஒதுக்கி, மேட்.

நீ போட்ட கூச்சலில் கூண்டுக்குள் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முதலாளியே எனக்குப் பிளேன்டீ ஊற்றினார். "கம்பியூட்டர் ஒங்களுதுதான், எடுத்துக்கங்க," என்றார்.

ஆறு வாரம் கழித்து, மூன்றாவது நேர்முகப் பரீட்சையில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தேன். உள்ளே போகும்போது ஸொரி சொல்லவில்லை. கேள்வி முடிந்ததும் பதிலைத் தொடங்கினேன். ஆசிரியை நியமனக் கடிதம் வந்தபோது அதை உன்னிடம் கொண்டுவர முடியவில்லை. டெங்குக் காய்ச்சல் எட்டே நாளில் உன்னைக் கொண்டுபோயிருந்தது. உன் அம்மா கடிதத்தை வாங்கி, உன் படத்துக்கு முன்னால் உரக்க வாசிக்கச் சொன்னார். ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்தேன். பிறகு அவர் இந்தக் கொப்பியைத் தந்தார். கடைசி வரி உன் கோணல் எழுத்தில்: 'ஸொரி இல்ல. நாலு செக்கன் மிச்சம்.'

இப்போது பாடசாலை விட்டதும் சில நாட்கள் அதே கம்பியூட்டரில் ஆடுகிறேன். நிறைய ஜெயிக்கிறேன். நடுவில் ஒரு எழுத்தும் அடிப்பதில்லை. ஜெயித்த பிறகு மட்டும் 'தேங்க்ஸ்' என்று எழுதுகிறேன். எதிரே இருப்பவர் தனக்கென்று நினைத்துக்கொள்கிறார்.