வாயடைத்துப் போனது செக்கரியாவுக்கு

என்னைத் தோளில் தூக்கிக் கோயில் தேர் காட்டிய என் பிரியமான அண்ணனுக்கு,

உன் தம்பிதான் எழுதுகிறேன். நம்ப மாட்டாய். செஞ்சியில் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். போன வாரம் திண்டிவனம் பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை! கோட்டை மலை மறைகிறவரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நீ விட்டுப்போன வேதப் புத்தகத்தை எடுத்தேன். வானதூதர் வந்து, வயதான தம்பதிக்குப் பிள்ளை பிறக்கும் என்று சொல்கிற இடத்தை விரல் வைத்துப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போனது.

அண்ணா, தூதரை நம்பாதவர் புருஷன் செக்கரியா. வாயடைத்துப் போனதும் அவருக்குத்தான். அவர் மனைவி எலிசபெத்து ஒரு குற்றமும் செய்யவில்லை.

நீ எங்களுக்கு என்ன சொன்னாய்? பிள்ளை இல்லை என்று என் மனைவி ஆரோக்கியமேரி அழுதபோது, "எலிசபெத்து நம்பல, அதான் ஊமையாப் பூட்டா. நீயும் வாய மூடிக்கினு இரும்மா, பொறக்கும்" என்றாய். அன்றிலிருந்து வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் அவள் பேசா நேர்ச்சை இருந்தாள். வல்லத்து நிலத்தில் என் காலருகே பாம்பைப் பார்த்தபோதுகூடக் கத்தவில்லை, கைதான் தட்டினாள். பிள்ளை பிறக்கவில்லை. தன் வாய்தான் காரணம் என்று இத்தனை காலமும் நம்பினாள்.

தெரியாமல் சொன்னாயா? தெரிந்தே மாற்றினாயா? என் முகத்துக்கு நேராகச் செக்கரியாவின் பெயரைச் சொல்ல மனம் வரவில்லையா? வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நீ ஒருவன்தானே, அண்ணா. உன்னை விட்டால் யாரிடம் கேட்டிருப்போம்?

அவளுக்குப் படித்துக் காட்டினேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா, இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன். "அப்ப ஊமையா இருந்திருக்க வேண்டியது நீயா? நல்லா சொன்னாரு போ, உங்கண்ணன்!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

உன்மேல் பிரியம் போகவில்லை. கோபமும் போகவில்லை. அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். இந்த வருஷம் அந்த நான்கு வாரமும் நான் வாய் திறக்க மாட்டேன். செக்கரியா பலகையில் எழுதிக் காட்டினாராம். எனக்கும் இப்போது எழுத வரும். சோறு வேண்டுமானால் சிலேட்டில் எழுதுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதே என்கிறாயா? பட்டினி கிடக்கிறேன்.

அவளை உன் கல்லறைக்கு அழைத்து வருவேன். அவள் பேசுவாள். எவ்வளவு நேரமானாலும் நீ கேட்டுக்கொண்டிரு.

உன் சொல்லை வேதமாக எடுத்துக்கொண்ட தம்பி,
சின்னப்பன்