நீலக் கவுனின் உள்தையல்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன், இங்கே எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன். முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்போது நான் நம் தையல் கடையில் உடுப்பு மாற்றுகிற திரைக்குப் பின்னால் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பன் தின்றுகொண்டே எழுதுகிறேன், காகிதத்தில் வெண்ணெய்க் கறை இருந்தால் அதுதான். வீட்டில் ரொம்ப நாளாக வெள்ளரிக்காய் ஆட்சி. சர்க்கரை, பிஸ்கட் எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டி உன் அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், என்னைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை.

சிரிக்காதே கண்ணு, விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. எல்லாம் உன் தங்கச்சிக்காகத்தான். பள்ளிக்கூட நடனத்தில் குண்டாக இருக்கிறாள் என்று அவளைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்று அம்மாவுக்கு ஆற்றாமை. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிவந்து, கடை முகப்புக் கண்ணாடிக்குள் உடுப்பு மாட்டி நிறுத்தியிருக்கிற பொம்மையைக் காட்டி, இதோட இடுப்பு அளவுக்கு ஒரு கவுன் தைங்க, இவ அதுக்குள்ள வந்தாகணும் என்றாள். அந்தப் பொம்மைக்குக் குடல் வைக்கவே இடம் விடலையேடி என்றேன். உங்களுக்கு எல்லாம் விளையாட்டு, நாளைக்கு நாலு பேர் வாயில விழப்போறது இவதானே என்று அழுதுவிட்டாள். சின்ன வயதில் அவளைப் பீப்பாய் என்று ஊர் கூப்பிட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. சரி என்று நீலத் துணியில் தைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவை பக்கவாட்டில் ஒரு கொக்கிகூட எட்டவில்லை, பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கவுனைக் கடைக்கு எடுத்துவந்து உள்தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்தேன். அடுத்த வாரம் ஒரு கொக்கி மாட்டியது, இரண்டு பேர் முகத்திலும் என்ன வெளிச்சம்! அதைப் பார்த்து மறுபடி பிரித்தேன், மறுபடியும் பிரித்தேன், பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. பட்டினி வேலை செய்கிறது என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். முதலில் காலைச் சாப்பாடு நின்றது, பிறகு ராத்திரிச் சாப்பாடு. போன மாதம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. அன்றைக்கு அம்மா சாவியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு ஊட்டிவிடப் போனாள், பிள்ளை வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சந்தாம்மா, நீதானே சொன்னே என்கிறாள். நான் உண்மையைச் சொல்லி, உள்ளே பழைய ஊசித் தடத்தைக் காட்டினேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று பார்த்தேன். அப்போ நான் இளைக்கவே இல்லையாப்பா என்று கேட்டுவிட்டுக் அம்மா கெஞ்சிக் கையில் திணித்திருந்த பாதி பிஸ்கட்டையும் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது அந்தக் கவுன் அவள்மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்குகிறது. நீங்க விட்டுத் தைச்சிருக்கீங்க என்கிறாள். அளந்து காட்டினால், டேப்பையும் ஏதாவது பண்ணியிருப்பீங்க என்கிறாள். டாக்டரம்மா நாளாகும் என்றார்கள், சரியாகும் என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் உருண்டை என்று கூப்பிட்டால் முதுகில் ஏறிக் குத்துவாள், இப்போது எனக்கு அவளைக் கூப்பிட ஒரு பேரும் இல்லை. அம்மா இப்போது பூட்டாத அலமாரியைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

போன தடவை போனில் அவள் முகத்தைப் பார்த்து, இளைச்சு அழகாயிட்டியேடி என்றாய். நீ அறியாமல் சொன்னது, உன்மேல் குற்றமில்லை, ஆனால் அவள் அதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறாள். இனிமேல் அவள் உடம்பைப் பற்றி நல்லதும் சொல்லாதே, கெட்டதும் சொல்லாதே. பூனையைப் பற்றிப் பேசு, மழையைப் பற்றிப் பேசு. முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் வயிறு நிறைந்து இருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு. அவளோடு போனில் பேசும்போது நான் மேலே சொன்னதை மறந்துவிடாதே.

உன் தையல்கார அப்பா

ஒன்று விட்டுப்போயிற்று. நேற்று அந்தப் பொம்மையைக் கண்ணாடிக்குள்ளிருந்து இறக்கப் போனேன். என் கால்மேல் விழுந்தது. கட்டைவிரல் நகம் போய்விட்டது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.