நஸ்ரின் அடைச்ச ஓட்டை

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

படுத்தும் தூக்கம் வரல. நஸ்ரின் எங்க ஆபீசுல சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. பாளையம்பட்டியிலருந்து டவுன் பஸ்ஸுல வர்ற பொண்ணு. இன்னைக்கு முதலாளிக்கு ஒரு லிங்க் அனுப்புனா. நாங்க செஞ்சு கொடுத்த சேலைக்கடை சைட்டோட பேருதான் அதுல இருந்துச்சு. அவுகளும் நம்பி லாகின் பண்ணாக. உடனே அது நஸ்ரின் செஞ்சு வச்ச போலிப் பக்கத்துல கொண்டுபோய் விட்டுருச்சு.

"லிங்க்ல எந்த முகவரியை ஒட்டிவிட்டாலும் நம்ம சைட்டு அங்க அனுப்பிருது சார். திருடன்னா மறுபடி பாஸ்வேர்டு கேட்டு வாங்கியிருப்பான்"னா.

மதியத்துக்குள்ள சரியும் பண்ணிட்டா. இனி எங்க சொந்தப் பக்கத்தைத் தவிர வேற எங்கயும் போகாது. முதலாளி கை தட்டுனாக. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சாயங்காலம் எல்லாரும் கிளம்புனப்புறம் அவ போட்ட பூட்டை உடைக்கப் பாத்தேன். என்னென்னமோ பண்ணியும் அசையல.

"முதல்ல இந்தக் கோடிங்கை எழுதுனது யாரும்மா?"ன்னு மதியம் முதலாளி கேட்டப்ப, "ரொம்பப் பழசு சார், தெரியல"ன்னா. அந்த ஃபைலோட முதல் வரியே என் பேருதான். பாக்காம இருந்திருக்க மாட்டா.

நானா இருந்தா சொல்லியிருப்பேன்.