ஏழாவது கம்பத்துக்குப் பிறகு

நாள் 1, காலை 6.40. கம்பம் 1.

வெப்பம் 17 பாகை. ஈரப்பதம் 88 விழுக்காடு. கருவிகள் சரி. எழுதுபவர் வைத்தியலிங்கம், வயது ஐம்பத்திரண்டு, தொப்பையும் உண்டு.

இந்தக் குறிப்பேடு யார் கையில் கிடைக்கிறதோ அவருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகாமில் தொடங்கி, மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி, மறுபடி முகாமிலேயே முடியும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டுப் பாதை இது. மூன்று நாள் நடை. வழியில் பன்னிரண்டு கம்பங்கள். அவற்றின் கம்பிகள் மரங்களின் வேருக்குள் போகின்றன. ஒவ்வொரு கம்பத்தின் முன்னாலும் நின்று ஒன்றிலிருந்து நூறு வரை உரக்கச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வேர்கள் என்ன செய்கின்றன என்று கருவி அளக்கும். என் உத்தியோகம் அவ்வளவுதான். இதற்கு முனைவர் பட்டம் கேட்டார்கள்.

இது என் இருபத்தோராவது சுற்று. நாளை மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும். மழைக்காக முகாமை ஐந்து மாதம் மூடுகிறார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

நாள் 1, பகல் 2.15. கம்பம் 4.

ஓர் உண்மை. எண்ணுவதை மூன்றாவது சுற்றிலேயே விட்டுவிட்டேன். வளர்ந்த மனிதன் மரத்தின் முன்னால் நின்று அறுபத்தேழு, அறுபத்தெட்டு என்று எவ்வளவு நாள்தான் சொல்வான்? கதை பேசுகிறேன். என் மனைவி கோமளாவின் குறட்டை, இயக்குநரின் டோப்பா, என் சிறுநீரகக் கல், மைத்துனன் இரண்டாம் கல்யாணத்தில் நடந்த கைகலப்பு எல்லாம் ஆயிற்று. காடு அருமையாகக் கேட்கிறது. "இதை ஏற்கெனவே சொன்னீங்க" என்று ஒரு தடவைகூடக் குறுக்கிட்டதில்லை.

இன்று கருவியின் முள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஆடியது. முகாமில் இருவழி வானொலியைக் கவனிக்கும் பேச்சியம்மாள் உடனே பிடித்துக்கொண்டாள்.

"சார், நாலாங்கம்பத்துல என்னத்தப் பேசுனீங்க? முள்ளு எகிறுது."

"நூறு வரைக்கும் எண்ணுனேன்மா."

"ஆத்தாடி, பொய்யப் பாரு! அம்புட்டும் இங்கன பதிவாகுது சார். டோப்பா கதைய நாங்க நாலு பேரும் ரெண்டு தடவ கேட்டாச்சு."

நாள் 2, காலை 11.05. கம்பம் 6.

பேசி முடித்த பிறகும் முள் நிற்கவில்லை. தாளில் என் பேச்சின் அதே வடிவத்தை மறுபடி வரைந்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அதுவும் நிறுத்தியது. பிறகு, நான் இன்னும் சொல்லாத ஒரு வாக்கியத்தை, என் பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே வரைந்துகொண்டு போனது.

பறவைச் சத்தம் இல்லை. தொடை நடுங்குகிறது. ஏற்றம் ஏறியதால் என்று எழுதி வைக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நாள் 2, மாலை 4.50. கம்பம் 7.

மரத்தடியில், சருகுக் குவியலுக்குள் கண் விழித்தேன். உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. பூட்ஸ் இல்லை, கைக்கடிகாரம் இல்லை. பை மட்டும் பாதையில் வீசி எறிந்தாற்போல் கிடந்தது. உள்ளே லுங்கி, சட்டை, மணி காட்டும் வானொலி, இந்தக் குறிப்பேடு. வழுக்கி விழுந்து மயங்கியிருக்கலாம். காயம் எதுவும் இல்லை. இங்கே நடந்து வந்ததே நினைவில் இல்லை.

உடுப்பைக் கழற்றியது குரங்குகள் என்று வைத்துக்கொள்கிறேன். பூட்ஸின் கயிற்றை முடிச்சவிழ்க்கும் குரங்கு. முதுநிலை ஆய்வாளர் லுங்கியில் மேற்கொண்டு நடக்கிறார். பள்ளத்தாக்கில் வானொலி எடுக்கவில்லை.

நாள் 3, காலை 7.20. கம்பம் 9.

எனக்கு முன்னால் யாரோ போயிருக்கிறார்கள். ஈர மண்ணில் பூட்ஸ் தடம். இடது குதிகால் உட்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. என் பூட்ஸ். நுனி ஆழமாகப் பதிந்திருக்கிறது, ஓடியிருக்கிறான். இரண்டு இடத்தில் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறான்.

முட்காட்டில் வெறுங்காலோடு நடக்கிறேன். ஒரு முள்கூடத் தைக்கவில்லை. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. பசி இல்லை. காலைப் பலகாரம் தவறியும் யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. கோமளாவிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

பயமாக இருக்கிறது. இதற்கு மேல் வேடிக்கையாக எழுத வரவில்லை.

நாள் 3, பகல் 1.30. கம்பம் 11, மேட்டின் உச்சி.

வானொலி எடுத்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"பேச்சி, வைத்தியலிங்கம் பேசுறேன். ஜீப்பை நிறுத்தி வை. என் பூட்ஸைத் திருடிக்கிட்டு ஒருத்தன் அங்கே வர்றான்."

இரைச்சலுக்கு நடுவே பேச்சியின் குரல்.

"யாரு பேசுறது?"

"நாந்தாம்மா. குரல் தெரியலையா?"

"கொரலு தெரியுது. அதான் கையி காலு ஓடல. சார் விடியக்காலையிலேயே இங்கன வந்துட்டாரு. கேட்டப் பூட்டுங்கன்னு கத்துறாரு. ஏழாங்கம்பத்துல தன்ன மாதிரியே ஒருத்தன் அம்மணமா சருகுக்குள்ள மொளச்சுக் கெடந்தான், பையப் போட்டுட்டு ஓடியாந்தேங்குறாரு."

அவன் பொய் சொல்கிறான். முளைத்தவன் அவன்தான். நான்கு மணிக்குள் போகவில்லையென்றால் அவன் ஜீப்பில் ஏறுவான். என் வீட்டு அழைப்புமணியை அடிப்பான். கோமளா கதவைத் திறப்பாள்.

ஓடுகிறேன். மூச்சு வாங்கவில்லை.

நாள் 3, மாலை 3.10. கம்பம் 12.

முகாம் தெரிகிறது. கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஆட்கள் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்கிறார்கள். ஜீப்பின் முன் இருக்கையில் அவன். என் முதுகு, என் வழுக்கை.

வானொலியில் என்னை நிரூபித்தேன். குறட்டை, சிறுநீரகக் கல், மைத்துனன், கல்யாணத்தன்று வேட்டி அவிழ்ந்தது, எல்லாம் சொன்னேன்.

"அதெல்லாம் பதிவுல இருக்கு சார்." என்றாள் பேச்சி. "கம்பத்துக்கிட்ட சொல்லாதது ஒண்ணு கேக்குறேன். ஒங்க அண்ணன் பேரு என்ன?"

சிரித்துவிட்டேன். "எனக்கு ஏதும்மா அண்ணன்? எங்க வீட்ல நாந்தான் மூத்தவன்."

ஜீப்பில் இருந்தவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

"ரெண்டு வயசு மூத்தவராம்." இப்போது பேச்சி அழுதுகொண்டிருந்தாள். "எட்டு வயசுல இவரு கண்ணு முன்னாடியே தண்ணியில போயிட்டாராம். அம்புட்டுப் பேச்சு பேசுற மனுசன், இத மட்டும் யாருகிட்டயும் வாயத் தொறந்து சொன்னதில்லையாம். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டோம். மாமியா சொல்லித்தான் கோமளா மேடத்துக்கே தெரியுமாம். நீ... நீங்க கேட்டுக்கிட்ட வராதீங்க சார். கும்புட்டுக் கேக்குறேன்."

நாள் 3, மாலை 4.25. கம்பம் 12.

ஜீப் போய்விட்டது. அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பையன். தண்ணீர். கரையில் நான். எதுவும் வரவில்லை. மறந்த விஷயமென்றால் மறந்த இடமாவது தட்டுப்படும். அதுவும் இல்லை. கோமளா சமையலறையில் முணுமுணுக்கும் பாட்டு வரிகூட இருக்கிறது. ஏனென்றால் அதைப் போன சுற்றில் எட்டாவது கம்பத்தில் சொன்னான்.

எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். அதை மட்டும் ஏன்

எங்களிடம் என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

நாள் 3, மாலை 5.10.

பயம் விடவில்லை. இது அவன் கொடுத்த பயமா, என்னுடையதா என்று தெரியவில்லை. பயந்தால் மனிதர்கள் யாரையாவது கூப்பிடுவார்கள். கோமளா அவனுடையவள். பேச்சி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். அவன் சொல்லாமல் விட்டவர் ஒருவர்தான் மிச்சம். முகம் தெரியாது. பெயர் தெரியாது.

அண்ணே